வேகமாகச் சுற்றும் வேண்டுதல்

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் அபிதகுஜாம்பாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வரமாட்டேன் என்றது. கணவர் சாம்பசிவன் ஏற்கெனவே உச்சிக்குப் போய் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஏகநாதன் அந்தப் பக்கம் இறங்கியே போய், பீச் ஸ்டேஷன் போகிற வண்டியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அம்மா, சீக்கிரம்!" என்று கத்தினான். அவன் காலை எடுக்காதவரை வண்டி கிளம்பாது என்று நினைப்பு. வண்டி கிளம்பிவிட்டது. மாம்பலத்துக் கல்யாணத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தமும் முடிந்து, முதல் பந்தியும் முடிந்திருந்தது. முகூர்த்தம் போனதில் சாம்பசிவனுக்கு அவ்வளவாக வருத்தமில்லை.

அந்த வாரமே கிழக்குத் தாம்பரத்து லேடி டாக்டரிடம் போனாள் அபிதா. (முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட அவள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை.) டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல் வரைக்கும் வந்தாச்சு. உள்ள விடாதீங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க. வேகமா, கையை வீசி" என்றார்.

"வீட்டு வேலை எல்லாம் நான்தான் செய்யறேன் டாக்டர்."

"அது வேலை. நான் சொல்றது நடை. கையில எதுவும் இருக்கக் கூடாது. மனசுலயும் எதுவும் இருக்கக் கூடாது."

மாத்திரை என்றால் கடையில் கிடைக்கும். கையிலும் மனசிலும் எதுவும் இல்லாத அரை மணி நேரம் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், சேலையூரில், காம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தக் காலனியில், கல்யாணமான ஒரு பொம்பளை வெறுங்கையோடு ரோட்டில் நடப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. பால் பாத்திரம் வேண்டும், ஒயர் கூடை வேண்டும், குறைந்தபட்சம் ஒரு குடையாவது வேண்டும். ஒன்றுமே இல்லாமல் நடந்தால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் காலையில் அவள் செருப்பில் கால் நுழைக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" எடுத்துக் கொடுத்தாள். மறுபடி கால் நுழைத்தாள். "அபிதா, வெந்நீர் ஆச்சா?" ஆனது. மூன்றாவது முறை நுழைத்தபோது சாம்பசிவன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இந்த நேரத்துல எங்க?"

"நடக்க. டாக்டர் சொன்னாங்களே."

சாம்பசிவன் பேப்பரை நாலாக மடித்தார். பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் ஹெட் கிளார்க். மடித்த பேப்பரோடு பேசினால் அது ஆபீஸ் உத்தரவு மாதிரி. "வாசலுக்கும் கொல்லைக்கும் நாள் பூரா நடக்கறியே. அதை எல்லாம் நேரா நடந்திருந்தா இந்நேரம் காஞ்சிபுரம் வந்திருக்கும். இதுக்கு மேல என்ன நடை?"

நியாயமாகப் பார்த்தால் அவள் அன்றைக்கே காஞ்சிபுரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெருவுக்குத்தான் போனாள்.

தெருவில் வேறு தொல்லை. "எங்க, இவ்வளவு காலைல?" என்று முதல் வீட்டில் கேட்டார்கள். "சும்மாதான்" என்றாள். சும்மா போகிறவளைச் சும்மா விடுவார்களா? "சும்மாதானே போறீங்க, டெய்லர்கிட்ட என் ஜாக்கெட் ஆயிடுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "மெயின் ரோடு வரைக்கும்தானே?" என்று குக்கர் மூடியைக் கையில் கொடுத்து கேஸ்கட் மாற்றி வரச் சொன்னாள். திரும்பி வரும்போது அபிதாவின் கையில் ஜாக்கெட், குக்கர் மூடி, யாரோ யாருக்கோ கொடுக்கச் சொன்ன முருங்கைக்கீரை. வீசுவதற்குக் கை எங்கே இருக்கிறது?

தெருக்கோடியில் ஏரிக்கரை ஓரமாக ஒரு அரசமரம். அதனடியில் ஒரு பிள்ளையார், நாலைந்து நாகர் சிலைகள், பக்கத்தில் ஒரு கல். கல்லின் மேல் தினமும் காலையில் கங்கையம்மாள் உட்கார்ந்திருப்பாள். காலனி வருவதற்கு முன்னால் அங்கே இருந்த வயலெல்லாம் அவள் வீட்டுக்காரருடையது. வயலை மனை போட்டு விற்றாகிவிட்டது. எருமைகளையும் அந்தப் பிள்ளையாரையும் மட்டும் விற்கவில்லை. விளக்கேற்றுவது, பூ வைப்பது, போகிறவர் வருகிறவரை விசாரிப்பது எல்லாம் அவள்தான். முருங்கைக்கீரையோடு வந்த அபிதாவைப் பார்த்ததும், "இன்னாம்மா, வூட்டுக்காரரோட சண்டையா?" என்றாள்.

"இல்லக்கா. சும்மா நடக்கறேன்."

"அத்த தான் கேக்கறேன். சண்ட போடாம எவளாச்சும் சும்மா நடப்பாளா?"

சாயங்காலத்துக்குள் விஷயம் காலனி முழுக்கப் பரவி, ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாம்பசிவனை ஒருவர் வழிமறித்து, "லேடீஸ் அப்படித்தான் சார், நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்று புத்தி சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்குள் வந்து பையை வைத்த சத்தத்திலேயே அபிதாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "உன் நடை என் மானத்தை வாங்கிடுச்சு. இதோட நிறுத்திக்கோ" என்றார்.

அவள் நிறுத்தவில்லை. எனக்கு அபிதாவைப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். மறுநாளும் கிளம்பினாள். ஆனால் தெருக்கோடி வந்ததும் எதிரே குக்கர்காரி வந்துகொண்டிருந்தாள். இந்த முறை கையில் முழுக் குக்கர். வலப்பக்கம் ஏரி, இடப்பக்கம் வேலி. அபிதா சட்டென்று அரசமரத்தடிக்கு ஒதுங்கி, கண்ணை மூடி, கைகூப்பி, பிள்ளையாரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. குக்கர்காரி கிட்டே வந்தாள். வாயைத் திறந்தாள். சுற்றுகிறவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, குக்கரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூனை மாதிரி நடந்து போயே போய்விட்டாள்.

அபிதா இன்னொரு சுற்று சுற்றினாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. இன்னொன்று. யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லை. கூப்பிய கையைப் பிரித்து லேசாக வீசிப் பார்த்தாள். பிள்ளையாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே அறிவித்தாள். "அரசமரத்துப் பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதல். தினமும் காலைல சுத்தறதா வேண்டிக்கிட்டிருக்கேன்."

"என்ன வேண்டுதல்?" என்றார் சாம்பசிவன்.

"வெளில சொன்னா பலிக்காது."

அவ்வளவுதான். டாக்டர் சொல்லி நடக்காதது பிள்ளையார் சொல்லாமலே நடந்தது. சாம்பசிவன் அந்த வருஷம் பிரமோஷனுக்குக் காத்திருந்தார். ஏகநாதன் பாலிடெக்னிக்கில் அரியர்ஸ் வைத்திருந்தான். வேண்டுதல் தனக்காகத்தான் என்று இருவரும் தனித்தனியே முடிவு செய்துகொண்டார்கள். மறுநாள் காலையில் சாக்ஸ் தானாகவே கிடைத்தது. சாம்பசிவன் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார். அது காபி மாதிரி இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் ஒரு முணுமுணுப்பு இல்லை. சாமி காரியம் பாருங்கள்.

அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அது அபிதாவின் வாழ்க்கையில் கல்யாணத்துக்கு அப்புறம் கிடைத்த முதல் சொந்தச் சொத்து. மனை மாதிரி, வேலி போட்டது. உள்ளே யாரும் வரமுடியாது. முதலில் சுற்றும்போது இன்றைக்கு என்ன குழம்பு என்று யோசித்தாள். சில நாளில் அந்த யோசனை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தான் ரிலே ஓடியது ஞாபகம் வந்தது. ஏரியில் நாரை நிற்பதைப் பார்த்தாள். காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை வீசி, மூச்சு வாங்க வாங்கச் சுற்றினாள். வீட்டுக்குத் திரும்பும்போது முகம் சிவந்து, கண் பளபளவென்று இருக்கும். சந்தோஷமாக இருந்தாள். இதை இதற்கு மேல் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கங்கையம்மாளுக்கு மட்டும் அந்த வேகம் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, சாமியத் தொரத்திகினு ஓடற? பிரதட்சணம்னா மாசமா இருக்கறவ நடக்கற மாரி மெதுவா நடக்கணும்."

"வேண்டுதலே அப்படித்தான்க்கா. வேகமா சுத்தறதாதான் வேண்டிக்கிட்டேன்."

கங்கையம்மாள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அப்புறம் பூத்தொடுப்பதற்குத் திரும்பிவிட்டாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அபிதா சுற்றி முடித்ததும், கங்கையம்மாள் மடியிலிருந்து ஒரு சின்ன மரத்தொட்டிலை எடுத்து நீட்டினாள். விளையாட்டுச் சாமான் மாதிரி, மஞ்சள் தடவி, கயிறு கட்டியது.

"இந்தா. கெழக்கால கெளைல கட்டு."

"எதுக்குக்கா?"

"இன்னாத்துக்கா? அரசமரத்த எதுக்குச் சுத்துவாங்கோ? புள்ளைக்குத்தான்."

இது அபிதாவுக்குத் தெரியாததில்லை. குழந்தை இல்லாதவர்கள் அரசமரம் சுற்றுவார்கள் என்பது தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? ஆனால் நாற்பத்து மூன்று வயதில், மீசை முளைத்து அதைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற தன்னை அந்தக் கணக்கில் யாராவது சேர்ப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. "ஐயையோ, அதெல்லாம் இல்லக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

எடுத்த வாய் அப்படியே நின்றது. அதில்லை என்றால் வேறென்ன என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் வெந்நீர், சாக்ஸ், காபி, குக்கர் மூடி. நாரையும் போச்சு, ரிலேயும் போச்சு. மானமா, அரை மணி நேரமா?

தொட்டிலை வாங்கிக் கிழக்குக் கிளையில் கட்டினாள்.

செய்தி அன்றைக்கே ரயிலேறிவிட்டது. காலை வண்டியில் சாம்பசிவனோடு சீசன் டிக்கெட்டில் போகிற கோஷ்டியில் தட்சிணாமூர்த்தி என்று ஒருவர். மீனம்பாக்கம் தாண்டியதும் அவர் சாம்பசிவனின் தோளைத் தட்டி, "கமுக்கமா இருந்துட்டியே மச்சான்! இந்த வயசுலயுமா?" என்றார். கோஷ்டியே சீட்டுக்கட்டை மடக்கி வைத்துவிட்டுச் சிரித்தது. சாம்பசிவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கிண்டி வருவதற்குள் புரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எக்மோர் வருவதற்குள் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் வாங்கிவந்த மல்லிகைப்பூவுக்கு வீட்டில் எந்த விசேஷமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் பனியனோடு குந்தி, கிண்ணத்தில் கறுப்பாக எதையோ குழைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தலையில் பூசிக்கொண்டார். காது ஓரமும் கறுத்துப்போனது. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிவந்தார். யாருக்கு என்று அபிதா கேட்டதற்கு, "எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுத் தானே குடித்தார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே சொன்னால் பலிக்காதே.

ஏகநாதன்தான் கேட்டான். தோசைக்கல் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, எனக்கு என்ன குறை?" என்றான்.

"என்னடா?"

"அரியர்ஸ் வெச்சேன்னுதானே வேற ஒண்ணு கேக்கறே?"

அபிதாவுக்குச் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, அழுகையையும் அடக்க முடியவில்லை. தோசை கருகிப்போனது. அவன் கோபித்துக்கொண்டு போய்ப் புத்தகத்தைத் திறந்தவன், அந்த செமஸ்டரில் அத்தனை பேப்பரையும் பாஸ் செய்தான். அவன் பாஸானதற்கும் ஒரு வேண்டுதல்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டால் பொய்யில்லை.

இதற்கு நடுவில் கங்கையம்மாளின் மருமகள் முனியம்மாவும் அரசமரத்துக்கு வர ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு நிஜமாகவே கல்யாணமாகிச் சில வருஷமாகக் குழந்தை இல்லை. நல்ல பெண். அபிதாவின் பின்னாலேயே, "யக்கா, கொஞ்சம் மெல்ல" என்று இரைக்க இரைக்க ஓடிவருவாள். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அவள் சுற்றாமல் கல்லில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். வாந்தி எடுத்ததாகச் சொன்னாள். அபிதா அவளைக் கட்டிக்கொண்டாள். மனதார மகிழ்ந்தாள். மகிழ்ந்ததோடு தன் கதை முடிந்தது என்பது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் அரசமரத்தடியில் ஒரே கூட்டம். பம்மலிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். திருமுடிவாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்கள் இருந்தார்கள். காலனிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள், குக்கர்காரி உட்பட. கல்லின் மேல் நின்றுகொண்டு கங்கையம்மாள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள்.

"கைய வீசி சுத்தணும்! கைய வீசி! தோ, அபிதாம்மா அப்டித்தான் சுத்திச்சு. மெதுவா சுத்துனா பலிக்காது!"

அத்தனை பேரும் தலைப்பைச் செருகிக்கொண்டு கையை வீசினார்கள். முன்னால் போகிறவள் வீசுகிற கை பின்னால் வருகிறவள் மூக்கில் பட்டது. இதற்கு நடுவே, விஷயம் தெரியாத ஒரு மாமி அடிப்பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தாள். குதிகாலை விரலோடு ஒட்டி, ஒட்டி, ஒட்டி வைத்து. அவள் பின்னால் ரயில்வே கேட் போட்ட மாதிரி எல்லாரும் நின்றார்கள். அபிதா வலப்பக்கம் புகுந்து முந்தப் பார்த்தாள். நாகர் சிலையில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு சுற்றுக்குள் அவளுடைய அரை மணியும் தீர்ந்துவிட்டது. அப்புறம் தினமும் இதே கதை. நாரைகூட வேறு ஏரிக்குப் போய்விட்டது.

ஒரு சாயங்காலம் சாம்பசிவன் ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார். முனியம்மாவின் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. காது மடலைச் சொறிந்துகொண்டே, "அபிதா, நமக்கும் பலிச்சுடுமோ?" என்றார். "பலிச்சா பலிக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. பொண்ணா இருந்தா உங்கம்மா பேரே வெச்சுடலாம்."

பதினெட்டு வருஷமாக அவள் அம்மா பேரைச் சொன்னாலே முகம் சுளித்த மனிதர். அபிதாவுக்கு அவர்மேல் பாவமாகப் போய்விட்டது. சாயம் மங்கிய தலையோடு இருந்த அவரைப் பார்த்து இனிமேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"அதெல்லாம் ஒரு வேண்டுதலும் இல்லீங்க. டாக்டர் நடக்கச் சொன்னாங்க. நடக்க விடமாட்டேன்னீங்க. அதான் மரத்தைச் சுத்தினேன்."

சாம்பசிவன் காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். முகத்தில் ஏமாற்றம் வந்தது, நிம்மதி வந்தது. கடைசியாக வேறொன்று வந்தது.

"அப்ப சாமி காரியம் இல்லையா? வெறும் நடைதானா?"

"வெறும் நடைதான்."

"அப்ப நாளைலேர்ந்து காபி நீயே போட்டுடு. நான் போடறது எனக்கே பிடிக்கல."

அபிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளையாருக்கு என்றால் மூன்று மாசம் வாய்பேசாமல் கழுநீர் மாதிரி காபியைக் குடித்தார். பிறக்காத ஒரு பெண்ணுக்காகத் தலைக்கு மை பூசினார். நாள் முழுக்க எதிரே நிற்கிற பெண்டாட்டியின் மூச்சுக்காக என்றால் ஒரு காபி போட முடியாது. இதை அவள் உரக்கவே சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போய் ரேடியோவைத் திருகினார்.

மறுநாள் காலையில் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி நேரே அரசமரத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு. பொய் சொல்லிச் சம்பாதித்த இடம், உண்மை சொல்லியே போகட்டும். கல்லின் பக்கத்தில் போய் நின்று, "எல்லாரும் கேளுங்க! நான் பிள்ளை வரம் கேட்டு இந்த மரத்தைச் சுத்தல. உடம்புக்காக நடந்தேன். அவ்வளவுதான்!" என்று கத்தினாள்.

வீசிய கைகள் அப்படியே நின்றன. அடிப்பிரதட்சிண மாமிகூட ஒற்றைக் காலில் நின்றாள்.

கங்கையம்மாள் கல்லிலிருந்து குதித்து, அபிதாவின் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒனக்கு இன்னா பைத்தியமா? மெதுவாப் பேசு. ஆம்பளைங்க காதுல வுழப்போவுது."

"உங்களை ஏமாத்திட்டேன்க்கா. மன்னிச்சுக்கோங்க."

"என்னிய ஏமாத்துனியா? நீ சுத்துன சுத்துலயே தெர்ஞ்சிபோச்சி. புள்ள வரம் கேக்கறவ பஸ்ஸப் புடிக்கற மாரியா ஓடுவா?"

அபிதா திகைத்துப்போனாள். "தெரிஞ்சேவா தொட்டில் குடுத்தீங்க?"

"பின்ன? ஒன் வூட்டுக்காரரு ஒருநா என்னாண்ட வந்து, இவ வேண்டுதல் எப்ப முடியும்னு கேட்டாரு. காப்பி நல்லால்லன்னு பொலம்புனாரு. சட்டுனு முடியற வேண்டுதல் எத்தையாச்சும் சொன்னா ஒனக்குப் பேஜார் ஆயிடும். அதான் புள்ளைக்குன்னேன். ஒன் வயசுக்கு அது லேசுல பலிக்கப்போவுதா இன்னா? ஆயுசுக்கும் சுத்திகினே இருக்கலாம்னு கணக்குப் போட்டேன்."

அபிதா கிழக்குக் கிளையில் ஆடிக்கொண்டிருந்த தொட்டிலை நிமிர்ந்து பார்த்தாள்.

"தோ, அவளப் பாரு, பச்சப் பொடவ. நாலு புள்ள. அஞ்சாவது கேக்கறாளாம். பம்மல்லேர்ந்து வர்ற குண்டு பொண்ணுக்கு மூணு. ஒன் குக்கர்காரிக்கு ஆபரேசனே ஆயிடுச்சி. எம் மருமவ ஒருத்தி தவர இங்க எவளுக்குப் புள்ள வேணும்? வூட்ட வுட்டு அர மணி மூச்சு வுட நேரம் வேணும், அவ்ளோதான். அத்தப் போய் வெளில சொல்லுவியா?" கங்கையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "நா மட்டும் இன்னாத்துக்குத் தெனம் இங்க வந்து குந்திகினு கீறேன்? பிள்ளையார எவன் தூக்கிகினு போப்போறான்? வூட்ல குந்துனா ஒரு நிமிசம் வுடுவானுங்களா?"

அபிதா மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தனை பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சுகிற பார்வை. குக்கர்காரி உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். இத்தனை நாள் இவர்களோடு ஒரே வட்டத்தில் சுற்றியும் ஒருத்தியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அபிதாவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில், "அபிதா! அபிதா!" என்று குரல். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாம்பசிவன் வந்துகொண்டிருந்தார். சாயம் வெளுத்து, தலை செம்பட்டையாக இருந்தது. அவரைக் கண்டதும் அத்தனை பேரும் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு நகர ஆரம்பித்தார்கள்.

அபிதா வெளியே வந்து அவரைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மாவு எங்க வெச்சே? ஏகாவுக்கு லேட்டாகுது. வெறும் நடைதானே, அப்புறம் நடந்துக்கக் கூடாதா?"

"மாவு இருக்கற இடத்துலதான் இருக்கு, தேடிப் பாருங்க. நான் இப்பதான் நடப்பேன். இங்க இடமில்ல. ஏரிக்கரை மேல நடக்கப்போறேன். நாளைக்கும் நடப்பேன். யாராவது கேட்டா என் பெண்டாட்டி உடம்புக்காக நடக்கறான்னு சொல்லுங்க. சொல்ல வெட்கமா இருந்தா சொல்லாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே சாம்பசிவன் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை இறக்கிவிட்டார். அவள் தோளுக்கு மேல் மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்தார். ஒரு சந்தேகம் வந்தது.

"அப்ப... இவங்க எல்லாரும்?"

அபிதா திரும்பிப் பார்த்தாள். பச்சைப் புடவைக்காரியின் மூடிய கண் ஒன்று லேசாகத் திறந்திருந்தது.

"சே சே, அவங்களுக்கெல்லாம் நிஜ வேண்டுதல்" என்றாள். "கிட்டப் போகாதீங்க. பாதில கலைஞ்சா வீட்டு ஆம்பளைக்கு ஆகாதாம்."

சாம்பசிவன் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.